வாசகர் கேள்வி – பதில்: படகின் ஆம்பிளிஃபயருக்குத் தனி பேட்டரி

கேள்வி: எங்களிடம் அவுட்போர்டு இன்ஜின் பொருத்திய ஃபைபர் படகு ஒன்று இருக்கிறது. இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கும், விளக்குகளுக்கும், ஸ்டீரியோவுக்கும் ஒரே பேட்டரிதான். அண்மையில் 400 வாட் ஆம்பிளிஃபயர் ஒன்றைச் சேர்த்தேன். அதன் பிறகு, நங்கூரமிட்டு இரண்டு மூன்று மணி நேரம் பாட்டுக் கேட்டால் இன்ஜின் சிரமப்பட்டுத்தான் சுழல்கிறது. ஒருமுறை சுழலவே இல்லை. ஆகவே ஆம்பிளிஃபயருக்கு மட்டும் தனியாக ஒரு பேட்டரி வைக்க எண்ணுகிறேன். ஸ்டீரியோ பழைய பேட்டரியிலேயே இருக்கும். இரண்டு பேட்டரிகளின் வயர்களும் எந்த இடத்திலும் ஒன்றையொன்று தொடக் கூடாது என்று நண்பர் ஒருவர் உறுதியாகச் சொல்கிறார். அவர் சொல்வது சரியா?

பதில்: தனி பேட்டரி வைப்பது என்ற உங்கள் முடிவு மிகச் சரியானது. கரையில் வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டால் இறங்கித் தள்ளலாம். தண்ணீரின் நடுவே அந்த வழி கிடையாது. ஆனால் நண்பர் சொன்னதில் பாதிதான் சரி. பாசிட்டிவ்கள் இரண்டும் பிரிந்திருக்க வேண்டும். நெகட்டிவ்கள் இரண்டும் கட்டாயம் சேர்ந்திருக்க வேண்டும்.

இதன் காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் இந்த வேலையில் பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நிகழ்கின்றன. பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து புறப்படும் மின்னோட்டம் அதே பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பியாக வேண்டும். உங்கள் ஏற்பாட்டில் ஸ்டீரியோவின் மின்சாரம் முதல் பேட்டரியைச் சுற்றி வருகிறது. ஆம்பிளிஃபயரின் மின்சாரம் இரண்டாவது பேட்டரியைச் சுற்றி வருகிறது. இவ்விரண்டு வட்டங்களுக்கும் நடுவே இரண்டு மெல்லிய வயர்கள் மட்டும் போகின்றன. ஒன்று, ஒலியைக் கொண்டு செல்லும் ஆர்.சி.ஏ. கேபிள். மற்றொன்று, ஸ்டீரியோவைப் போட்டதும் ஆம்பிளிஃபயரை விழிக்கச் செய்யும் ரிமோட் வயர். பெரும்பாலும் நீல நிறத்தில் வெள்ளைக் கோடு போட்டிருக்கும். ரிமோட் வயர் 12 வோல்ட் அனுப்புகிறது என்றால், அது முதல் பேட்டரியின் நெகட்டிவிலிருந்து அளந்த 12 வோல்ட். அந்த நெகட்டிவ் எங்கே இருக்கிறது என்றே ஆம்பிளிஃபயருக்குத் தெரியாதபோது, அந்த 12 வோல்ட்டுக்குப் பொருளே இல்லை. ஆம்பிளிஃபயர் சில நேரம் விழிக்கும், சில நேரம் விழிக்காது. விழித்தாலும் உறுமல் ஒலி கூடவே வரும்.

இது தொந்தரவு மட்டும்தான். ஆபத்து வேறோர் இடத்தில் காத்திருக்கிறது. இரண்டாவது பேட்டரிக்கு என்றாவது ஒருநாள் இன்ஜினிலிருந்து சார்ஜ் ஏற்ற விரும்புவீர்கள். அதற்கு ரிலேயோ (தானாக இணைத்துப் பிரிக்கும் சுவிட்ச்) கைச்சுவிட்சோ வைத்து இரண்டு பாசிட்டிவ்களையும் இணைப்பீர்கள். அந்த நொடியில் சார்ஜ் மின்னோட்டம் இரண்டாவது பேட்டரிக்குள் நுழைந்துவிட்டுத் திரும்பி வர வழி தேடும். நெகட்டிவ்கள் சேராமல் இருந்தால், அதற்குக் கிடைக்கும் ஒரே வழி ஆர்.சி.ஏ. கேபிளின் வெளிச்சுற்றுக் கம்பி.

பல ஆண்டுகளுக்கு முன் இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் ஆகியிருக்கும். ரிலே “டக்” என்று ஒட்டியது. உடனே ஸ்பீக்கர்களில் தடித்த உறுமல் எழுந்தது. பிளாஸ்டிக் கருகும் வாடை வந்ததும் இன்ஜினை நிறுத்திவிட்டு ஆம்பிளிஃபயரின் மூடியைத் திறந்தேன். ஆர்.சி.ஏ. கேபிளைப் பிடித்தபோது அதன் உறை மெழுகுபோல் இளகி விரலில் ஒட்டியது. பிளக்கின் வெளி வளையம், வெள்ளி நிறம் போய், பழுப்பும் நீலமுமாக மாறியிருந்தது. கேபிளை மாற்றியும் பயனில்லை. ஸ்டீரியோவின் உள்ளே அந்த வளையத்தை நெகட்டிவுடன் இணைத்த மெல்லிய செம்புத் தடம் எரிந்து அறுந்திருந்தது. மில்லி ஆம்பியர் அளவில் ஒலியைச் சுமக்கப் பிறந்த கம்பியின் மீது பத்து மடங்கல்ல, ஆயிரம் மடங்குச் சுமையை ஏற்றினால் வேறென்ன நடக்கும்?

ஆகவே முதல் பேட்டரியின் நெகட்டிவிலிருந்து இரண்டாவது பேட்டரியின் நெகட்டிவுக்கு ஒரு தடித்த கேபிளை நேரடியாகப் போடுங்கள். இரண்டு பேட்டரிகளையும் சேர்த்து இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் வசதியை எதிர்காலத்தில் வைக்கக்கூடும் என்றால், ஸ்டார்ட்டருக்குப் போகும் கேபிள் எவ்வளவு தடிமனோ அவ்வளவு தடிமன் இதற்கும் வேண்டும். காரில் ஆம்பிளிஃபயரின் நெகட்டிவை அருகிலுள்ள தகட்டில் ஒரு திருகு போட்டு முடித்துவிடுவார்கள்; அங்கே உடம்பே நெகட்டிவ். ஃபைபர் படகுக்கு அப்படி ஓர் உடம்பு கிடையாது. ஆம்பிளிஃபயரின் நெகட்டிவ் கேபிள், பாசிட்டிவ் கேபிளுக்குச் சமமான தடிமனில், பேட்டரி வரையோ நெகட்டிவ் இணைப்புப் பட்டை வரையோ போயே ஆக வேண்டும்.

இன்னும் ஒன்று சொல்வேன், இது என் சொந்தத் தீர்ப்பு. ஸ்டீரியோவையும் புதிய பேட்டரிக்கே மாற்றிவிடுங்கள். பாட்டுக்குரியது அனைத்தும் ஒரே பேட்டரியில் இருந்தால் ஒலியில் கலக்கும் குறைகள் பாதியாவது குறையும். நினைவைக் காக்கும் மஞ்சள் வயர் ஸ்டீரியோவை அணைத்த பிறகும் சிறிதளவு மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பல வாரங்கள் படகு சும்மா நிற்கும்போது அந்தக் கசிவும் ஸ்டார்ட்டிங் பேட்டரியைத் தொடாது. அப்போதும் நெகட்டிவ்களைச் சேர்க்கத்தான் வேண்டும். இன்ஜின், பாதுகாப்பு விளக்குகள், அடித்தளத்து நீரை வெளியேற்றும் பம்ப் ஆகியவை பாட்டு தொடாத பேட்டரியிலேயே இருக்கட்டும்.

கேள்வி: இரண்டாவது பேட்டரியாக இன்னொரு ஸ்டார்ட்டிங் பேட்டரியையே வைக்கலாமா? 100 ஆம்பியர் மணி என்று எழுதியிருந்தால் எத்தனை மணி நேரம் பாட்டுக் கேட்க முடியும்?

பதில்: வைக்கலாம், ஆனால் சில மாதங்களில் அது செத்துவிடும். ஸ்டார்ட்டிங் பேட்டரியின் உள்ளே தகடுகள் மெல்லியவை, எண்ணிக்கையில் அதிகம். சில நொடிகளுக்குப் பல நூறு ஆம்பியரை அள்ளிக் கொடுத்துவிட்டு உடனே மீண்டும் நிரம்புவது அதன் தொழில். மணிக்கணக்கில் சிறுகச் சிறுகக் கொடுத்துப் பாதிக்கும் கீழே இறங்குவது அதற்கு ஒவ்வாது; அப்படிச் சில முறை இறங்கினாலே தகடுகளின் மேலுள்ள பசை உதிரத் தொடங்கிவிடும். டீப் சைக்கிள் பேட்டரியின் தகடுகள் தடித்தவை. உங்களுக்குத் தேவை அதுதான்.

எத்தனை மணி நேரம் என்பதற்கு முதலில் ஆம்பிளிஃபயர் எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்க வேண்டும். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் உச்ச வாட்டை மறந்துவிடுங்கள், ஆர்.எம்.எஸ். வாட், அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட், என்று சிறிய எழுத்தில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 400 வாட் ஆர்.எம்.எஸ். கொண்ட டி வகை (Class D) ஆம்பிளிஃபயரின் திறன் ஏறத்தாழ 80 சதவீதம் என்று கொண்டால், முழு வீச்சில் அது பேட்டரியிடம் கேட்பது 500 வாட், 12.5 வோல்ட்டில் 40 ஆம்பியர். பழைய ஏ.பி. வகை ஆம்பிளிஃபயரானால் திறன் 50, 60 சதவீதத்தில் நின்றுவிடும். எஞ்சியது முழுவதும் வெப்பமாகப் போகும். ஆனால் எந்தப் பாட்டும் இடைவிடாமல் முழு வீச்சில் ஒலிப்பதில்லை. டிரம் அடி விழும் கணத்தில் மின்னோட்டம் எகிறும். அடுத்த கணத்தில் தாழும். ஒலி சிதறாத அளவில் நன்றாகச் சத்தம் வைத்துக் கேட்டாலும் சராசரி, முழு வீச்சின் எட்டில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள்தான் இருக்கும். நம் கணக்குக்குச் சராசரி 10 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம்.

ஈய அமில பேட்டரியில் பாதிக்கு மேல் செலவழிக்கக் கூடாது என்பது அதன் ஆயுளைக் காக்கும் நடைமுறை. ஆகவே 100 ஆம்பியர் மணியில் உங்களுக்கு உரியது 50; அது 5 மணி நேரப் பாட்டு. பேட்டரி பழையதாக ஆக இதுவும் குறையும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியானால் அதே 100இல் 80 வரை தயங்காமல் எடுக்கலாம். எடையும் பாதிக்கும் குறைவு. சிறிய படகில் எடை சிறிய விஷயமல்ல என்பது பின்பக்கம் தாழ்ந்து ஓடும் படகை ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

கணக்கை நம்பியே இருக்க வேண்டாம். நேர்மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரை பாசிட்டிவ் கேபிளைச் சுற்றி மாட்டிவிட்டு, நீங்கள் வழக்கமாகக் கேட்கும் பாட்டை வழக்கமான சத்தத்தில் வைத்துப் பாருங்கள். படகில் ஒரு சிறிய வோல்ட் மீட்டரையும் கண்ணில் படும் இடத்தில் பொருத்துங்கள். முழுதாக நிரம்பி ஓய்ந்திருக்கும் ஈய அமில பேட்டரி 12.7 வோல்ட்டுக்கு அருகில் காட்டும், 12.2 என்று வந்தால் பாதி போய்விட்டது. பாட்டு ஓடும்போது காட்டும் எண் இதைவிடத் தாழ்ந்திருக்கும் என்பதால், பாட்டை நிறுத்திச் சற்று நேரம் விட்டுப் படிப்பது நல்லது. லித்தியம் பேட்டரியில் இந்த வழி செல்லாது. அது நிறைந்திருக்கும்போதும் காலியாகப் போகும்போதும் 13 வோல்ட்டை ஒட்டியே நின்றுவிட்டுக் கடைசியில் திடீரென்று விழும். உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் எண்ணிக் காட்டும் ஷன்ட் மீட்டர்தான் அதற்கு ஏற்றது.

கேள்வி: இரண்டாவது பேட்டரிக்கு எப்படிச் சார்ஜ் ஏற்றுவது? இன்ஜின் ஓடும்போது தானாகவே நிரம்பும்படி செய்ய முடியுமா?

பதில்: முடியும். ஆனால் இன்ஜின் எவ்வளவு கொடுக்கும் என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். சிறிய அவுட்போர்டு இன்ஜின்களின் சார்ஜிங் சுருள் 6 முதல் 12 ஆம்பியர் வரை மட்டுமே கொடுக்கும்; அதுவும் இன்ஜின் வேகமாகச் சுழலும்போது. மெதுவாக ஊர்ந்து போகையில் அதில் ஒரு பகுதிதான் கிடைக்கும். மாலை முழுவதும் பாட்டுக்கு 50 ஆம்பியர் மணியைச் செலவழித்துவிட்டு, திரும்பி வரும் அரை மணி நேரத்தில் அது நிரம்பிவிடும் என்று எண்ணினால் ஏமாற்றமே மிஞ்சும். ஈய அமில பேட்டரி கடைசி 20 சதவீதத்தை மிக மெதுவாகத்தான் ஏற்கும் என்பதும் சேர்ந்துகொள்கிறது. பாதி வயிற்றோடு வாரக்கணக்கில் கிடக்கும் ஈய அமில பேட்டரியின் தகடுகளில் சல்ஃபேட் இறுகிப்போய் அது கொள்ளளவை நிரந்தரமாக இழக்கும். எனவே இன்ஜின் ஏற்றுவது ஏற்றட்டும். முழுதாக நிரப்பும் பொறுப்பைக் கரையிலுள்ள சார்ஜருக்குக் கொடுங்கள். இரண்டு பேட்டரிகளையும் தனித்தனியே கவனிக்கும் இருவழிச் சார்ஜராக இருந்தால் நன்று.

இன்ஜினிலிருந்து தானாக ஏற்றுவதற்கு வோல்ட்டை உணரும் ரிலே எளிய கருவி. இன்ஜின் ஓடி முதல் பேட்டரியின் வோல்ட் 13.3க்கு மேல் ஏறியதும் அது இரண்டு பாசிட்டிவ்களையும் இணைக்கும். இன்ஜின் நின்று வோல்ட் 12.8 அளவுக்கு இறங்கியதும் பிரித்துவிடும். எண்கள் கருவிக்குக் கருவி சற்று மாறும். நீங்கள் நங்கூரமிட்டுப் பாட்டுக் கேட்கும் நேரம் முழுவதும் ஸ்டார்ட்டிங் பேட்டரி தனித்து நிற்கும் என்பதே இதில் நமக்கு வேண்டியது. “1, 2, இரண்டும், ஆஃப்” என்று நான்கு நிலை கொண்ட கைச்சுவிட்சாலும் இதே வேலையைச் செய்யலாம். ஆனால் நாள் முழுவதும் “இரண்டும்” நிலையில் மறந்து விட்டுவிட்டு, மாலையில் இரண்டு பேட்டரியும் காலியானவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். மறதியை நம்பாமல் ரிலேயை நம்புவது மேல். கைச்சுவிட்ச் இருக்கும் படகில், இன்ஜின் ஓடும்போது அதை ஒருபோதும் “ஆஃப்” நிலைக்குத் திருப்பாதீர்கள். போக இடமில்லாத மின்சாரம், இன்ஜினில் மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரின் டயோடுகளையோ, அதை நேர்மின்னோட்டமாக மாற்றும் ரெக்டிஃபயரையோ நொடியில் பழுதாக்கிவிடும்.

இரண்டாவது பேட்டரி லித்தியமாக இருந்தால் ரிலே மட்டும் போதாது. அதன் உள்தடை மிகக் குறைவு என்பதால் இன்ஜின் கொடுக்கக்கூடிய அத்தனையையும் இடைவிடாமல் உறிஞ்சி, ஆல்டர்னேட்டரைச் சூடாக்கிவிடும். போதாததற்கு, பேட்டரிக்குள் இருக்கும் காவல் சுற்று ஏதோ ஒரு காரணத்தால் திடீரெனத் துண்டித்துக்கொண்டால், இன்ஜினின் ரெக்டிஃபயருக்கு அந்தத் துண்டிப்பும் ஓர் அதிர்ச்சிதான். இரண்டுக்கும் நடுவே டி.சி. – டி.சி. சார்ஜர் ஒன்றை வைத்தால், அது குறித்த அளவுக்கு மேல் இழுக்காது. லித்தியத்துக்குத் தேவையான 14.2 முதல் 14.6 வரையிலான வோல்ட்டையும் தானே உருவாக்கிக் கொடுக்கும். இன்ஜின் கொடுப்பதில் பாதியை மட்டும் இழுக்கும்படியான சார்ஜரைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: காருக்கான ஆம்பிளிஃபயர் வயரிங் கிட் ஒன்று கையில் இருக்கிறது. பேட்டரியிலிருந்து ஆம்பிளிஃபயர் 3 மீட்டர் தூரம். அந்த கிட்டையே பயன்படுத்தலாமா? ஃப்யூஸ் எங்கே வைக்க வேண்டும்?

பதில்: முதலில் அந்தக் கேபிளின் ஒரு நுனியைச் சீவிப் பாருங்கள். கம்பியிழைகள் மேலே செம்பு நிறமாகவும், கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகவும் தெரிந்தால், அது செம்பு பூசிய அலுமினியம். அதைப் படகில் போடாதீர்கள். உப்புக் காற்றில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். தடையும் செம்பைவிட அதிகம். உள்ளேயும் செம்பாக இருந்தால் பரவாயில்லை, ஆயினும் ஒவ்வோர் இழையிலும் வெள்ளீயம் பூசிய கடல்சார் கேபிளுக்கு அது ஈடாகாது. பூச்சில்லாத செம்பில் ஈரம் நுனி வழியே ஏறி, ஓரிரு ஆண்டுகளில் உறைக்குள்ளேயே வெகுதூரம் கருத்துப்போகும்.

தடிமனுக்கு ஒரு கணக்கு. பேட்டரியிலிருந்து போக 3 மீட்டர், வர 3 மீட்டர், ஆக 6 மீட்டர். 6 சதுர மில்லிமீட்டர் கேபிளில் 40 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 0.7 வோல்ட் இழப்பு. டிரம் அடி விழும்போதெல்லாம் ஒலி மங்கும். 16 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.26 வோல்ட்; இது 12 வோல்ட்டில் ஏறத்தாழ 2 சதவீதம், ஏற்கத்தக்கது. நுனிகளில் வெள்ளீயம் பூசிய செம்பு லக்குகளை (போல்ட்டில் மாட்டும் வளைய முனைகள்) முறையான கருவியால் அழுத்திப் பொருத்தி, உட்புறம் பசையுள்ள சுருங்கும் குழாயால் மூடிவிடுங்கள்.

ஃப்யூஸ் பேட்டரியின் பாசிட்டிவுக்கு எவ்வளவு அருகில் இருக்க முடியுமோ அவ்வளவு அருகில் இருக்க வேண்டும். அமெரிக்கப் படகு மற்றும் யாட் கவுன்சில் வகுத்த நெறியில் இதற்கான அடிப்படைத் தூரம் 7 அங்குலம். ஆம்பிளிஃபயரின் முதுகிலேயே ஒரு ஃப்யூஸ் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது ஆம்பிளிஃபயரைக் காக்கும். பேட்டரியின் அருகிலுள்ள ஃப்யூஸ் காப்பது கேபிளை. படகின் அதிர்வில் உறை தேய்ந்து பாசிட்டிவ் கேபிள் ஃப்யூஸுக்கு முன்னால் எங்காவது நெகட்டிவைத் தொட்டால், அந்தத் துண்டு பழுக்கக் காய்ந்த கம்பியாகிவிடும். படகில் எரிவது ஃபைபர், அருகில் இருப்பது எரிபொருள். மேலே சொன்ன கேபிளுக்கு 60 ஆம்பியர் ஃப்யூஸ் பொருந்தும். லித்தியம் பேட்டரி குறுக்கிணைப்பில் (ஷார்ட் சர்க்யூட்) பல ஆயிரம் ஆம்பியரைக் கொட்டக்கூடியது என்பதால் அதற்குக் கிளாஸ் டி (Class T) வகை ஃப்யூஸே தகும்.

கேள்வி: தனி பேட்டரி வைத்து, நெகட்டிவ்களையும் சேர்த்துவிட்டேன். ஆயினும் இன்ஜினின் வேகத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும் ஒரு கீச்சொலி ஸ்பீக்கரில் கேட்கிறது. என்ன செய்வது?

பதில்: ஆம்பிளிஃபயரை அணைத்துவிட்டு ஆர்.சி.ஏ. பிளக்குகளைக் கழற்றுங்கள். ரிமோட் வயர் மட்டும் இருக்கட்டும். இன்ஜினை ஓடவிட்டு மீண்டும் ஆம்பிளிஃபயரைப் போடுங்கள். கீச்சொலி இப்போதும் இருந்தால், அது மின்வழியில் வருகிறது. நெகட்டிவ் இணைப்பு ஒவ்வொன்றையும் கழற்றி, தேய்த்துச் சுத்தம் செய்து, இறுக்குங்கள். கீச்சொலி போய்விட்டால், அது ஒலிவழியில் நுழைகிறது. ஸ்டீரியோவும் ஆம்பிளிஃபயரும் வெவ்வேறு இடங்களில் நெகட்டிவைத் தொடுவதே பெரும்பாலும் காரணம். ஸ்டீரியோவின் நெகட்டிவைக் கழற்றிக் கொண்டுவந்து ஆம்பிளிஃபயரின் நெகட்டிவ் சேரும் அதே போல்ட்டில் மாட்டிப் பாருங்கள். ஆர்.சி.ஏ. கேபிளும் மின்கேபிளும் ஒரே கட்டாகக் கட்டப்பட்டிருந்தால் பிரித்து, படகின் இரு பக்கங்களிலும் தனித்தனியே கொண்டு செல்லுங்கள். வடிகட்டி வாங்கி மாட்டுவதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். அது குறையை மூடுமே தவிர நீக்காது.

கேள்வி: என்னுடையது அலுமினியப் படகு. காரைப் போலவே படகின் உடம்பையே ஆம்பிளிஃபயரின் நெகட்டிவாகப் பயன்படுத்தினால் ஒரு கேபிள் மிச்சமாகுமே?

பதில்: வேண்டாம். அலுமினிய உடம்பின் வழியே ஆம்பிளிஃபயரின் மின்னோட்டம் திரும்பினால், அதில் ஒரு பகுதி தண்ணீருக்குள் கசிந்து, கசியும் இடத்தில் உலோகத்தை அரிக்கும். ஆணித் தலைகளைச் சுற்றி வண்ணப்பூச்சு கொப்புளித்து, உள்ளே வெள்ளைப் பொடி சேர்வது இதன் முதல் அடையாளம். இரண்டு கேபிள்களையும் பேட்டரி வரை இழுங்கள். ஆம்பிளிஃபயரையும் நேராக உடம்பில் திருகாமல், பிளாஸ்டிக் பலகை ஒன்றின் மேல் பொருத்துங்கள்; சில ஆம்பிளிஃபயர்களில் வெளிக்கூடே உள்ளுக்குள் நெகட்டிவுடன் இணைந்திருக்கும்.